கடலைப் பார்த்திருந்த கதவு

எங்கள் நாட்டில் வீட்டுக் கதவுகள் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். யோருனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் மூக்கைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்னக் கத்தியோடு, காசு அளவு இடத்தில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது...

படார்.

கத்தி ஒரு பக்கம், காபி பிளாஸ்க் ஒரு பக்கம். கல் பாவிய சரிவான வீதியில் பிளாஸ்க் உருண்டது... உருண்டுகொண்டே இருந்தது. மழை அதைப் போகும் வழியெல்லாம் குளிப்பாட்டியது. யோருன் தோளைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

வாசலில் ஒருவன். காலில் கம்பளிச் சாக்ஸ், கையில் குப்பைப் பை. அவனுடைய கண்கள்... யோருனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் அதன் நிறத்துக்கு ஒரு பெயர் வைத்துவிடுவாள், தொழில் அப்படி. சாம்பல்... இல்லை, சாம்பலில் ஒரு சொட்டு பச்சை... அதுவும் இல்லை. பெயர் கிடைக்கவில்லை. அவளுக்கே அது புதுசு.

"வலிக்குதா?" என்றான் அவன்.

"இல்ல, பரவாயில்ல."

"உங்களைக் கேக்கல. சுவரைக் கேட்டேன்."

அவள் முகம் சிவந்துபோயிற்று. மழைக்கு ஒதுங்கினேன் என்று சமாளித்தாள். மழைக்கு ஒதுங்கினவர்கள் கதவைத் தட்டுவார்கள், சுவரைச் சொறிவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான் அவன். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். பெயர் யோருன். பழைய மரவீடுகளின் நிறத்தை ஆராய்வது வேலை. இந்த வீதிக்காக நகராட்சி வரவழைத்திருக்கிறது. நாளைக்குத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் பழைய பலகையைக் கண்டால் கை சும்மா இருக்காது...

நகராட்சி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது. சாக்ஸோடே மழையில் இறங்கிக் கீழே ஓடி, நசுங்கிய பிளாஸ்க்கை எடுத்து வந்தான். உள்ளே போய்ப் புதுக் காபி நிரப்பி அவள் கையில் கொடுத்தான். "எய்வின்," என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டான்.

குப்பைப் பை வாசலிலேயே கிடந்தது.

*

எங்கள் ஊர் ஸ்கார்விக்கின் கடற்கரை வீதியில் இருபத்து மூன்று மரவீடுகள். இருபத்திரண்டு வெள்ளை, ஒன்று மஞ்சள். அந்த ஒன்று எய்வின் வீடு. பல் வரிசையில் ஒரு சொத்தை மாதிரி நிற்கிறது என்று வீதிச் சங்கம் புகார் கொடுத்து, நகராட்சியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. வீடு கட்டிய காலத்தில் வீதிப் பக்கச் சுவர் வெள்ளையாக இருந்ததா இல்லையா என்று ஆராயப்படும். வெள்ளை என்றால், தேசிய நாளான மே பதினேழுக்குள் வெள்ளை அடித்தாக வேண்டும். கொடி ஏற்றும் அன்றைக்கு வீதி ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் ஆசை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடுத்த வீட்டுச் சுவர் மேல் எப்போதுமே அக்கறை ஜாஸ்தி.

ஒரு நிறத்துக்காகவா இத்தனை கவலை என்று கேட்கலாம். எய்வினின் அப்பா ஸ்வெர்ரேவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு வருடமாக அவர் பார்வையின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. அதைச் சுற்றிலும் மங்கல். ஆள் முகம் தெரியாது, வீட்டு எண் தெரியாது. அழுத்தமான நிறம் மட்டும் தெரியும். தினமும் காலையில் துறைமுகத்துக்குப் போவார், பழைய சகாக்களோடு கொஞ்சம் வம்பு பேசுவார், ஒரு பை இறால் வாங்கிக்கொண்டு திரும்புவார். வெள்ளை வெள்ளையாக மங்கலாய் நகரும் வீதியில் ஓரிடத்தில் மஞ்சள் வரும். அங்கே கை நீட்டினால் அவர் வீட்டுக் கதவின் பிடி.

எய்வினுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் படகில் வேலை. ஒரு வாரம் படகிலேயே தங்கல், ஒரு வாரம் வீடு. அவன் இல்லாத வாரங்களில் அப்பாவுக்கு அந்த மஞ்சள்தான் துணை. இதை வெளியே சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. "தெரிஞ்சா மறுநாளே முதியோர் இல்லத்துல எனக்குப் படுக்கை விரிச்சிடுவாங்கடா. கடல் பக்கத்துல இல்லாம நான் என்னத்துக்கு இருக்கணும்?" என்று ஒரு தடவைதான் சொன்னார். எய்வின் வாயைப் பூட்டிக்கொண்டான்.

*

அது எய்வின் வீட்டில் இருக்கும் வாரம். மறுநாள் காலையில் யோருன் ஏணியோடு வீதிக்கு வந்தபோது அவனும் வந்தான்.

"ஏணி ஆடுது. பிடிச்சுக்கறேன்."

ஏணி ஆடவில்லை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எதிரியை நோட்டம் விடத்தான் வந்தேன் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூன்றாம் நாள் அந்தப் பொய் அவனுக்கே சலித்துவிட்டது.

அவள் வேலை பார்க்கிற விதம் அப்படி. பெயின்ட்டை ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டி, சின்னச் சின்னப் படிக்கட்டு மாதிரி விட்டுக்கொண்டே போவாள். மேல் படியில் இன்றைய நிறம், கீழ்ப் படியில் இருநூறு வருடத்துக்கு முந்தியது. ஒவ்வொரு படியிலும் நின்று அந்த வீட்டின் கதையைச் சொல்வாள். முதலில் தூண் வைத்த வாசலும் அளவான ஜன்னலுமாக அடக்கமாக நின்றதாம். கோபன்ஹேகனைப் பார்த்துக் கற்ற அடக்கம். பிறகு ரயில் வந்தது, வீடுகளுக்கு சுவிஸ் பாணி மோகம் வந்தது. நீட்டிய கூரை, கண்ணாடி வராந்தா, விளிம்பெல்லாம் மரத்தில் அறுத்த பூவேலை.

"எங்க வீதியில ஒருத்தர்கூட சுவிட்சர்லாந்து போனதில்ல," என்றான் எய்வின். "வீடு மட்டும் போயிட்டு வந்திருக்கு."

அவள் ஏணியிலேயே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நிஜமாகவே ஏணி ஆடியது...

அப்புறம் நமக்கும் ஒரு பழங்காலம் உண்டு என்று ஊருக்கு ரோஷம் வந்து, கூரை முனையிலெல்லாம் மூதாதையர் கப்பல்களில் இருந்த மாதிரி டிராகன் தலை முளைத்ததாம். அதற்கும் அப்புறம் பூவும் வேண்டாம் தலையும் வேண்டாம், பெட்டி போதும் என்று தட்டைக் கூரைக்காரர்கள் வந்தார்கள். ஊர் நூலகத்தை அவர்கள்தான் கட்டினார்கள். வருடத்தில் இருநூறு நாள் மழை பெய்கிற ஊரில் தட்டைக் கூரை. இன்றைக்கும் கவிதை அலமாரிக்குப் பக்கத்தில் ஒழுகலுக்கு ஒரு வாளி இருக்கிறது.

"உனக்கு எது பிடிக்கும்?" என்று எய்வின் கேட்டான். 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.

"எல்லாம் பிடிக்கும். எந்தக் காலத்துலயும் எல்லாரும் அழகாத் தெரியணும்னுதானே ஆசைப்பட்டிருக்காங்க... பாவம்."

அந்த 'பாவம்' அவனுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. இவளிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறானே.

அவளுக்கும் அதே வாரத்தில் ஏதோ ஆகிவிட்டிருந்தது. விடுதி அறையில் நிற அட்டைகளைப் பரப்பி வைத்து அவன் கண்ணின் நிறத்தைத் தேடினாள். பிறகு தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை மஞ்சள் வீட்டின் முறை. அந்தச் சுவரைத்தான் அவள் கடைசிக்கு வைத்திருந்தாள்.

கதவைச் சுற்றி மூன்று இடங்களில் சுரண்டினாள். கதவு ஓரத்தில்தான் மழை படாது, அடுக்குகள் பத்திரமாக இருக்கும். அவள் தொழிலில் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். மற்ற இடங்களில் பார்க்கவும் வழியில்லை. நாற்பது வருடத்துக்கு முன் ஸ்வெர்ரே கேஸ் சுடரை வைத்து, பழைய பெயின்ட்டை மரம் தெரியுமட்டும் எரித்து எடுத்திருந்தார். கதவுக் கண்ணாடி சூட்டில் வெடித்துவிடும் என்று அந்தப் பக்கத்துப் பலகைகளை மட்டும் விட்டிருந்தார்.

மஞ்சள். அதற்குக் கீழே பழுப்பு. அதற்கும் கீழே... வெள்ளை. மூன்று இடத்திலும் அடியில் வெள்ளை.

யோருன் மெதுவாக ஏணியிலிருந்து இறங்கினாள். பார்த்ததைச் சொன்னாள்.

எய்வின் அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "வேற மாதிரி எழுத முடியாதா?" என்றான்.

"இல்லாததை எழுத முடியாது, எய்வின். ஆனா இந்த மஞ்சள் ஏன் வேணும்னு காரணம் இருந்தா சொல்லு. அதையும் சேர்த்து எழுதறேன்."

அவன் உதடு அசைந்தது... நின்றது. உள்ளே அப்பா ரேடியோவைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"அது எங்க வீட்டு விஷயம். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

நீங்க. அந்த ஒரு சொல்லில் ஒரு வாரம் முழுக்க அழிந்துபோயிற்று. யோருன் கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். கண்ணில் நீர் முட்டியது. காற்று என்று காரணம் சொல்லக்கூட எதிரே அவன் நிற்கவில்லை.

*

அறிக்கை போயிற்று. அடுத்த வாரம் எய்வின் படகில் இருந்தான். அதற்கு அடுத்த வாரம் முழுக்க மழை, பெயின்ட் அடிக்கவே முடியவில்லை. மே பத்தாம் தேதி சனிக்கிழமை வெயில் அடித்தது. மத்தியானம் மறுபடி படகுக்குப் போக வேண்டும். விடிந்ததும் ஆரம்பித்துப் பதினோரு மணிக்குள் சுவர் முழுக்க முதல் பூச்சு வெள்ளை அடித்து முடித்தான். கதவிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிப் பார்த்தான். எழுபத்தெட்டு வருஷமா நடக்கிற வீதிடா என்று அப்பா எரிந்து விழுந்தார். எய்வின் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

மற்ற வீடுகளின் அறிக்கைகளையும் எழுதி முடித்துவிட்டு யோருனும் அன்றைக்குத்தான் ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. வீதிக் கோடியில் பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கையில் இறால் பையோடு ஸ்வெர்ரே வருவதைப் பார்த்தாள். விறைப்பாக, நிமிர்ந்துதான் வந்தார். தன் வீட்டைத் தாண்டினார். அடுத்த வீட்டையும் தாண்டினார். மூன்றாவது வீட்டின் முன் நின்று கையை நீட்டினார். கதவின் பிடி அந்தப் பக்கம் இல்லை. விரல்கள் பலகையில் தடவித் தடவித் தேடின... கிடைக்கவில்லை. திரும்பி வீதியின் நடுவில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் வெள்ளை. யாராவது பார்க்கிறார்களோ என்று பயந்த மாதிரி, வெயில் காய நிற்பவர்போல முகத்தைத் தூக்கிக்கொண்டார். பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

யோருனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எய்வின் சொல்ல வந்து விழுங்கியதும் அந்த 'நீங்க'வும் இப்போது வேறு மாதிரி கேட்டன. கேட்டதும் அவன் மேல் இருந்த கோபம் போய், தன் மேல் வந்தது.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. பெரியவர் பக்கத்தில் போய், வழி காட்டட்டுமா என்று கேட்காமல், "ஸ்வெர்ரே, உங்க வீட்டுல ஒரு காபி கிடைக்குமா? இந்தக் கல்லுல என் செருப்பு வழுக்குது, கொஞ்சம் கை குடுங்க," என்றாள்.

"கண்டிப்பா," என்று பெருமையோடு கை கொடுத்தார் அவர்.

வீட்டு வாசலில் அவர் விரல்கள் சுவரைத் தொட்டன. ஈரப் பெயின்ட்டில் விரல் நுனியெல்லாம் வெள்ளையாயின. அவர் கதவு ஓரத்துப் பலகையை ஒருமுறை மேலிருந்து கீழே தடவிவிட்டு நிம்மதியாகச் சிரித்தார்.

"இதான். நம்ம வீடு."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள்.

"ரெட்டை ஆணி. இந்தக் கதவைச் சுத்தி இருக்கிற பலகையில மட்டும் ஒவ்வொரு ஆணிக்குப் பக்கத்துலயும் ஒரு பழைய ஓட்டை இருக்கும், மக்குப் பசை வெச்சு அடைச்சது. மத்த பலகைக்கெல்லாம் ஒரே ஆணி."

யோருன் அப்படியே நின்றாள். ஒரு தடவை அடித்த பலகையைப் பிடுங்கி, இன்னொரு இடத்தில் மறுபடி அடித்தால்தான் இரண்டு ஓட்டை வரும்.

அப்படியானால் இந்தப் பலகைகள் இங்கே பிறந்தவை அல்ல. கதவோடு சேர்த்துக் கழற்றி வந்தவை. எங்கிருந்து? அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். பின்பக்கம் கடல். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குச் சாலை ஏது... விருந்தாளியும் வியாபாரியும் பாதிரியாரும் படகில்தான் வருவார்கள். வீட்டுக்கு முகம் கடல் பக்கம். வெள்ளை பெயின்ட் விலை கூடின பொருள், அதனால் நாலு பேர் பார்க்கிற முகத்துக்கு மட்டும் வெள்ளை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று முதுகுப் பக்கத்துக்கு மீன் எண்ணெயில் குழைத்த மலிவான மண் சாயம். இதை அவளே மாணவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அப்புறம் சாலை வந்தது. ஊரே திரும்பி உட்கார்ந்தது. அன்றைக்கு இந்த வீட்டில் இருந்தவர் சிக்கனக்காரர், கதவை ஓரத்துப் பலகைகளோடு பெயர்த்து வந்து இந்தப் பக்கம் வைத்துவிட்டார். அவள் சுரண்டியது கடல் பக்கத்தின் கதையை!

முன்பக்கம் திரும்பி வந்து, வீதிச் சுவரில் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் குழாயின் இரும்புப் பட்டியைக் கழற்றினாள். ஸ்வெர்ரேவின் நெருப்பு எட்டாத இடம் அது, உள்ளங்கை அகலம்தான். கத்தியை வைத்தாள். பழுப்புக்குக் கீழே, மரத்தை ஒட்டினாற்போல்...

மஞ்சள். மண் மஞ்சள்.

*

செவ்வாய்க்கிழமை மாலை நகராட்சிக் கூட்டம். பின்வரிசையில் எய்வின், படகுச் சீருடையோடு. அப்பா போனில் சொல்லியிருந்தார், அந்தப் பொண்ணு என்னோட நாலு கப் காபி குடிச்சா, சுவரையும் பிரிச்சுப் போட்டா என்று. அப்பாவின் விஷயத்தை இங்கே போட்டு உடைக்கப்போகிறாள் என்று அவனுக்குப் பயம். அன்று மாலைப் படகுக்கு மாற்றாள் பிடித்துவிட்டு ஓடி வந்திருந்தான்.

யோருன் எழுந்தாள். தன்னுடைய அறிக்கை தப்பு என்றாள். கதவு ஓரத்தை நம்பி ஏமாந்துவிட்டேன், படிக்கிற பிள்ளை செய்தால் திட்டியிருப்பேன், நான் செய்துவிட்டேன் என்றாள். ஆணி ஓட்டைகளின் படத்தைக் காட்டினாள். குழாய்க்குப் பின்னால் இருந்த மஞ்சளைக் காட்டினாள். உங்கள் மற்ற அறிக்கைகளை எப்படி நம்புவது என்று வீதிச் சங்கத் தலைவர் கேட்டார். அவள் முகம் வெளுத்தது. எல்லாவற்றையும் மறுபடி பார்க்கிறேன், கூலி வேண்டாம் என்றாள். ஒரு பெரியவரின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எய்வின் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அறையே இரங்கியிருக்கும். யாரும் அவளைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அப்பாவின் மானத்துக்காக அவள் தன் மானத்தைக் கொடுத்துவிட்டாள்.

மஞ்சள் வீடு மஞ்சளாகவே இருக்கலாம் என்று முடிவாயிற்று. தலைவர் கொஞ்சம் முணுமுணுத்தார். ஆனால் வியாழக்கிழமை ஒரு வீட்டு வேலைக்கு எல்லோரும் கூடும் ஊர் வழக்கப்படி வீதியே பிரஷ்ஷோடு வந்து நின்றபோது முதல் ஆளாக வந்தவரும் அவர்தான். எய்வினுக்காகப் படகில் வேறொருவன் நின்றான். அவன் சுவரின் ஒரு முனை, யோருன் மறுமுனை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பார்த்துக்கொண்டு, நடுவிலிருந்த கதவை நோக்கி வந்தார்கள். மத்தியானத்துக்குள் சுவர் மஞ்சளாயிற்று. அக்கம்பக்கத்தார் வீதியில் போட்டிருந்த மேசைக்கு வாஃபிள் அப்பம் சாப்பிடக் கலைந்தார்கள்.

கதவு ஓரத்தில் காசு அளவு இடம் பாக்கி. அவள் முதல் நாள் மழைக்கு ஒதுங்கிச் சுரண்டிய இடம். யோருன் பிரஷ்ஷை நீட்டினாள். எய்வின் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அதை விட்டுடு."

"அது தப்பான இடம், எய்வின். அதனாலதானே இவ்வளவும்..."

"நீ அங்க சுரண்டலைன்னா நான் கதவைத் திறந்து உன்னை இடிச்சிருக்க மாட்டேன்." அவன் பிடியை விடவில்லை. "அன்னைக்கு உன்கிட்ட சொல்லாம வாயை மூடிக்கிட்டேன். இன்னைக்கும் மூடிக்கிட்டு நின்னா நீ பஸ் ஏறிடுவ. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, யோருன். ரொம்ப."

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். இத்தனை நாளாகத் தேடிய நிறம்... பெயர் இன்னும் கிடைக்கவில்லை. இனி அவசரமில்லை என்று தோன்றியது. "நானும்தான்," என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் மறுபடி உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போதுதான் வீதிக் கோடியில் ஸ்வெர்ரே. கையில் இறால் பை. இருவரும் விலகி நின்றார்கள். ஒரு வீடு... இரண்டு வீடு... பெரியவரின் நடை மெல்ல வேகமானது. நேரே வந்தார். கை நீட்டினார். கதவின் பிடி கைக்குள் வந்தது.

எய்வினின் கண்கள் கலங்கிவிட்டன. யோருன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்வெர்ரே கதவைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார். வாஃபிள் மேசையைச் சுற்றி வீதியே நின்றிருந்தது. இரண்டு வருடமாக மகனைத் தவிர யாருக்கும் சொல்லாததை அவர் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது நல்லாக் கேக்கும். அந்த 'நானும்தான்' வீதிக் கோடி வரைக்கும் கேட்டுது. மூணு பேருக்கும் காபி போடறேன், அந்தக் கையை விட்டுட்டு உள்ள வந்து இறாலை உரிங்க."

அவர்கள் உள்ளே போனார்கள். கையை மட்டும் விடவில்லை.